நூறு வீசை

மேற்கே வழியும் தண்ணீர் ஐராவதிக்கு.
கிழக்கே வழியும் தண்ணீர் சித்தாங்குக்கு.
நடுவில் யோமா மலை,
தேக்கு போன அடிக்கட்டைகளோடு
பொக்கை வாயாய்க் கிடக்கிறது.
நாங்கள் கிழக்குத் தண்ணீர்க்காரர்கள்.
பெகுவிலிருந்து ஒன்றரை மணி பஸ்,
பிறகு கால்வாய்க் கரை.
ஆடி மாதமானால் கரையும் இல்லை.

கார்த்திகையில் நெல் அறுத்து
தாள் காய்வதற்குள்,
கட்டைவிரல் ஆழம் ஈரம் இருக்கும்போதே
உளுந்து தெளித்துவிட வேண்டும்.
அப்புறம் வானம் ஒரு சொட்டு தராது.
பனியைக் குடித்துக் காய்க்கும்.
மாசியில் பறிப்போம்.

நாற்பது தமிழ் வீடு தின்று தீராது.
பர்மியர் தொடுவதில்லை.
கோ தாவ் சின் ஒருமுறை கேட்டான்:
இவ்வளவையும் கடலுக்கு அப்பால்
உங்கள் ஆட்கள் என்னதான் செய்கிறார்கள்?
அரைக்கிறார்கள்.
அரைத்து?
புளிக்க வைக்கிறார்கள்.
முகத்தைச் சுளித்துக்கொண்டு போனான்,
வீட்டில் மூன்று பானை ஙாப்பி வைத்திருப்பவன்.

என் ஐந்து ஏக்கருக்கு இப்போது ஒரு தாள் உண்டு,
படிவம் ஏழு, முத்திரையோடு.
எங்கள் தகரப்பெட்டியின் அடியில்
இன்னொன்று ஒட்டிக் கிடக்கிறது.
அது தமிழில் எழுதியது.
அசல் ரூபாய் இருநூறு, வட்டி ஒன்றரை,
அடமானம் வைத்தவர் மவுங் போ லா,
நெல் விலை பாதியாய் விழுந்த வருஷம்.
கீழே நீலத்தில் ஒரு பெருவிரல்.
சண்டை வந்து கடைக்காரர் நடந்தே ஓடியபோது
குப்பையில் விட்டுப்போன தாள்.
அந்தக் கடையில் மூட்டை தூக்கிய எங்கள் ஆள்
துரு படாமலிருக்கப் பெட்டியில் விரித்தார்.
போ லா என்ற பெயர் ஊருக்குப் பத்து இருக்கும்.
கோ தாவ் சின்னின் பாட்டனுக்கு அப்பனும்
ஒரு போ லாதான்.
நான் கேட்டதில்லை.

பிறகு நிலமெல்லாம் சர்க்காருடையது.
ஏக்கருக்குப் பன்னிரண்டு கூடை நெல்
அவர்கள் சொன்ன விலைக்கு அளந்தோம்.
விளையாத வருஷம்
வெளியில் வாங்கி வந்து அளந்தோம்.
உளுந்தை மட்டும் கேட்க மறந்தார்கள்.
அந்த மறதியில்தான்
என் கூரை தகரமாயிற்று,
மகள் நர்ஸ் ஆனாள்.

இந்த மாசியில் ரங்கூனிலிருந்து
முத்திருளப்பன் போன் செய்தார்.
"அங்கே கோட்டா முடிஞ்சு போச்சாம் வெள்ளத்தாயி.
கப்பல் நிக்குது. மூட்டையைக் கட்டாதே."
எந்த ஊர் ஆபீஸில்
எந்த மேஜையில் முடிந்தது என்று
அவருக்கும் தெரியவில்லை.
மூட்டைகளைச் சுவரோரம் அடுக்கினோம்.
சித்திரையில் வண்டு வந்தது.
இரவில் காது வைத்தால்
மெல்லிய அரவை.
இங்கேயும் அரைக்கிறார்கள் என்று
நானே சொல்லிக்கொண்டேன்.

வைகாசியில் கோ தாவ் சின் வந்தான்.
செருப்பை வாசலில் நேராக வைத்தான்,
வழக்கமாக உதறிவிட்டு வருகிறவன்.
உரத்துக்கு நாலு லட்சம் வேண்டும்.
மகள் அனுப்பியது என்னிடம் இருந்தது,
அது அவனுக்கும் தெரியும்.

வட்டி என்ற சொல்லை
நாக்கு நுனி வரை கொண்டுவந்து விழுங்கினேன்.
பணமாய் வேண்டாம், சரக்காய்க் கொடு என்றேன்.
அடுத்த மாசியில் நூறு வீசை உளுந்து.
விலை விழுந்தால் என் தலையில்,
ஏறினால் உன் தலையில்.
சொல்லும்போது நியாயமாய்த்தான் கேட்டது.
பாயில் விரலால் கணக்குப் போட்டுப் பார்த்தான்.
நானும் போட்டிருந்தேன்,
அவன் வாசலில் குனிந்தபோதே.
இன்றைய விலைக்கு எண்பது போதும்.

எழுதிக்கொள் என்றான்.
மகளின் பழைய நோட்டைப் பிரித்தேன்.
பர்மிய எழுத்து எனக்கு வட்டம் வட்டமாய்த் தடுமாறும்,
தமிழில் எழுதினேன்.
பக்கத்தில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்,
ஓர் எழுத்தும் தெரியாமல்.

ரேகை வைக்கவா என்றான்.
பேனா இருக்கிறது என்றேன்.
இரண்டு பேரும் சிரிக்கவில்லை.
சுவரோரம் வண்டுகள் வேலையில் இருந்தன.
தேநீர் ஊற்றினேன்.
யோமா பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது,
விதை நெல்லை
இன்னும் ஊறப் போடவில்லை.